பசியாறிய பின் பாடம்

பண்ருட்டியிலிருந்து வடலூர் செல்லும் நெடுஞ்சாலையில், முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் சூழ அமைந்த ஊர் காடாம்புலியூர். நெய்வேலிச் சுரங்கத்திற்கு வேலைக்குச் செல்வோரும், முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைப்போரும் வாழும் இப்பகுதியில், தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: பிள்ளை எத்தனை மதிப்பெண்? மதிப்பெண் குறைந்தால் ஆசிரியரையோ பிள்ளையையோ குறை கூறுவதும் வழக்கமாகிவிட்டது. கற்பித்தல் என்பது யாது என்னும் கேள்விக்கு, இச்சாலையின் வடமுனையை ஒட்டிய திருவதிகையும் தென்முனையிலுள்ள வடலூரும் நெடுங்காலமாக விடை வைத்திருக்கின்றன என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

முதலில் திருவதிகை. திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகனாகப் பிறந்த மருள்நீக்கியாருக்குக் கல்வியில் குறையேதும் இல்லை. கலைகள் பல கற்றார். சமண நூல்களிலும் தேர்ந்து தருமசேனர் என்னும் பெயருடன் தலைமையும் பெற்றார். பெற்றோரையும், மணம் பேசப்பட்ட கலிப்பகையாரையும் இழந்து, தம்பிக்காகவே உயிர் தாங்கியிருந்த திலகவதியார், அவரோடு வாதிட்டு மாற்ற முயன்றதாகச் சேக்கிழார் பாடவில்லை. அம்மையார் இறைவனிடம் முறையிட்டார். நாள்தோறும் விடியுமுன் எழுந்து திருவதிகை வீரட்டானத்தில் அலகிட்டார், மெழுகிட்டார், மாலை தொடுத்தார். சூலை நோயால் துடித்த தம்பி ஓரிரவில் வந்து அடிவீழ்ந்தபோது, பழையதைக் கிளறிப் பேசவில்லை. திருநீறு அளித்து, ஐந்தெழுத்து ஓதி, அலகையும் தோண்டியையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்கு அழைத்துச் சென்றார். பிற்காலத்தில் திருநாவுக்கரசர் உழவாரப்படை ஏந்தித் தலந்தோறும் புல் செதுக்கினாரே, அந்தப் பாடம் எந்த ஏட்டிலிருந்தும் வந்ததன்று. தமக்கையார் கையிலிருந்த துடைப்பத்திலிருந்து வந்தது என்று கொள்வதில் பிழையில்லை.

இனி வடலூர். 1823ஆம் ஆண்டு மருதூரில் தோன்றிய இராமலிங்க அடிகளைப் பள்ளியில் அமர்த்திக் கற்பிக்க முயன்றவர்கள் தோற்றே போயினர். தமையனார் சபாபதி பிள்ளை, தம் ஆசிரியராகிய காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடமே தம்பியை அனுப்பினார். சிறுவரோ கந்தகோட்டத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தார். அப்பாடலைக் கேட்ட ஆசிரியர், இவருக்குக் கற்பிக்க வேண்டியதில்லை என்று விலகிக்கொண்டதாக வரலாறு கூறும். சினமுற்ற தமையனார் வீட்டில் சோறிடலாகாது என்று கட்டளையிட, அண்ணியார் கணவர் அறியாமல் உணவிட்டு வந்தார். ஒருநாள் அவர் கண்ணீர் மல்க வேண்டிக்கொண்டபின்தான் சிறுவர் படிக்க இசைந்தார். அதற்கெனத் தனியறை பெற்று, அங்கே ஒரு கண்ணாடியை நிறுத்தி, விளக்கேற்றி, மாலையிட்டு அதன்முன் அமர்ந்தார். தணிகை முருகன் அக்கண்ணாடியில் காட்சி தந்ததாக அடியார்கள் போற்றுவர். கண்டிப்பால் ஆகாதது ஒருவேளைச் சோற்றாலும் கண்ணீராலும் ஆயிற்று. இந்நிகழ்ச்சியைச் சொல்வோர் முருகன் காட்சியோடு நின்றுவிடுகின்றனர். அண்ணியாரின் பங்கை அழுத்திச் சொல்வோர் குறைவு.

அந்தச் சோறும் அந்தக் கண்ணாடியும் வடலூரில் மீண்டும் வருகின்றன. 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் அடிகளார் முதலில் நிறுவியது சத்திய தருமச்சாலை. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறது. சுற்றுவட்டாரச் சிற்றூர் மக்கள் அரிசியும் காய்கறியும் கொணர்ந்து தருகின்றனர். தமிழ், வடமொழி, ஆங்கிலம் ஆகிய மூன்றையும் கற்பிக்கும் சன்மார்க்க போதினி என்னும் பாடசாலையையும் அவர் அமைத்தார். அதில் சிறுவரோடு முதியோரும் பயில வழி செய்யப்பட்டது. புலவர்களின் உடைமையாக இருந்த திருக்குறளைப் பொதுமக்களுக்கு வகுப்பாக நடத்தச் செய்தார். பசித்திருக்கும் பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பதை அரசுகள் பின்னர் உணர்ந்தன. காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. வடலூரில் அவ்வரிசை 19ஆம் நூற்றாண்டிலேயே அமைந்துவிட்டது.

முதியோர் கல்வியில் தனியானதோர் இடர் உண்டு. பிள்ளைக்குத் தவறாகப் படிக்க வெட்கமில்லை. பேரன் பேத்தி எடுத்தவருக்கு உண்டு. ஊரார் முன்னிலையில் எழுத்துக்கூட்டித் தடுமாறுவதைவிட, தெரியாது என்று ஒதுங்கிவிடுவதே அவருக்கு எளிது. ஆனால் கூட்டமாக ஓதும்போது அந்த வெட்கம் கரைந்துவிடுகிறது. 1,596 அடிகள் கொண்ட அருட்பெருஞ்ஜோதி அகவலை அன்பர்கள் சேர்ந்து பாராயணம் செய்யும் இடங்களில், ஏடு பாராமல் உடன் ஓதும் எழுத்தறியாத மூதாட்டியரைக் காணலாம். பக்கத்தில் அமர்ந்திருக்கும் பேத்தி புத்தகத்தில் விரல் ஓட்டி வருவாள். பாட்டிக்குச் செவி, பேத்திக்குக் கண்; எவர் ஆசிரியர், எவர் மாணவர் என்று சொல்வதற்கில்லை. தேவாரமும் நெடுங்காலம் ஓதுவார்களின் வாய்வழியாகவே வாழ்ந்தது.

1872ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள், தைப்பூசத்தன்று தொடங்கப்பெற்ற எண்கோண வடிவச் சத்திய ஞானசபை, எழுத்தே வேண்டாத பாடநூல் எனலாம். கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு என ஏழு திரைகள். அவை உயிரை மறைக்கும் ஏழு சத்திகளைக் குறிப்பன. அவற்றுக்கு அப்பால் கண்ணாடியும் ஒளியும். ஆன்மாவை மறைக்கும் திரை பற்றி நூறு நூல் எழுதலாம். திரை ஒவ்வொன்றாக விலகுவதைத் தோளில் அமர்ந்து காணும் குழந்தைக்கு நூல் எதற்கு? அக்குழந்தையே ஐம்பது வயதில் மீண்டும் வந்து நிற்கும்போது அதே திரைகள் வேறு பொருள் தருகின்றன.

இத்தனை வழி வகுத்தவர் வெற்றி கண்டாரா? அவர் நாளில் அவ்வாறு தோன்றவில்லை. பாடசாலை நிலைக்கவில்லை. சித்து வேடிக்கை காண வந்தோர் மிகுந்தனர். கற்க வந்தோர் அருகினர். தாம் கொண்டுவந்த சரக்கை வாங்குவோர் இல்லையே என்று அடிகளார் வருந்தியதை அன்பர் யாவரும் அறிவர். ஆயினும் அவர் சலித்து ஓயவில்லை. 1873ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றி ஆற்றிய பேருபதேசத்தில், காலத்தை வீணே கழிக்காமல் விசாரம் செய்யுங்கள் என்பதையே வற்புறுத்தினார். தமக்கு முன்பிருந்த பற்று எத்தகையது, அது எவ்வாறு விலகியது என்பதையும் மறைக்காமல் எடுத்துரைத்தார். தாம் கற்று முடித்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளாமல், கற்றவாற்றையே பாடமாக வைத்த ஆசிரியர்கள் மிகச் சிலர். மூன்று திங்களில், 1874 சனவரி 30ஆம் நாள், சித்திவளாகத்துத் திருவறையில் புகுந்தார்.

மாதப் பூசத்தில் ஆறு திரைகள் நீங்கும். தைப்பூசத்தில் ஏழும் நீங்கும். அந்த நாளில் காடாம்புலியூர்ப் பக்கத்துக் குடும்பங்களும் வடலூர் செல்கின்றன. நெரிசலில் நெடுநேரம் காத்து நிற்கையில், ஏன் இத்தனை திரை, ஏன் திறந்ததும் மூடுகிறார்கள் என்று பிள்ளைகள் துளைத்தெடுப்பார்கள். பேசாமல் கும்பிடு என்று அதட்டும் பெற்றோரும் உண்டு. நீ என்ன நினைக்கிறாய் என்று திருப்பிக் கேட்கும் பெற்றோரும் உண்டு. வரிசை நகர்ந்து, தரிசனம் முடிந்து வெளியே வந்தால், தருமச்சாலையில் பந்தி தயாராக இருக்கும்.