காதுக்குள் கேட்கும் இரைச்சல்

"காதுக்குள்ளை சில்லூறு கத்துது" என்று சொல்வோர் எம் மக்களிடையே பலர். சிலருக்கு அது கேத்தல் கொதிப்பது போலவும், சிலருக்குக் கடல் இரைவது போலவும் கேட்கும். வெளியே ஓசை எதுவும் இராது. பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் கேளாது. பகலில் வேலையோடு மறந்து போகும் இவ்விரைச்சல், இரவில் ஊர் அடங்கியதும் பெரிதாகி நித்திரையைக் கெடுக்கிறது. மூளை பிசகிவிட்டதோ, யாரும் செய்வினை செய்தார்களோ என்று பயந்து, வீட்டாருக்கும் சொல்லாமல் தமக்குள் புழுங்குவோரை நாம் கண்டிருக்கிறோம். இரண்டும் அல்ல. ஜேர்மனிய இசைமேதை பேத்தோவன் தம் காதுகள் இரவும் பகலும் இரைவதாக 1801 இல் நண்பர் ஒருவருக்கு எழுதினார். அவருக்கும் அப்போது அதை வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது.

இரைச்சல் எப்படி உண்டாகிறது? உட்காதிலே நத்தை ஓடு போலச் சுருண்ட சிறு குழாய் ஒன்று உண்டு. அதனுள் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் வரிசையாக நிற்கின்றன. செவிப்பறையில் மோதும் ஒலி உள்ளே சென்று இவற்றை அசைக்க, அந்த அசைவு நரம்பு வழியாக மூளைக்குச் செய்தியாகப் போகிறது. காற்றுக்குச் சாய்ந்த நெற்பயிர் பிறகு நிமிரும். மாடு மிதித்து முறித்த பயிர் நிமிராது. மயிர்க்கலங்களும் அப்படியே. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்கு அருகே நின்றுவிட்டு வந்த இரவு காது இரைந்து, காலையில் சரியாகிவிடுவதுண்டு. அது சாய்ந்த பயிர். ஆனால் திரும்பத் திரும்பச் சாய்ந்தால் முறியும். மனிதருக்கு முறிந்த மயிர்க்கலம் மீண்டும் முளைப்பதில்லை.

செய்தி குறைந்ததும் மூளை சும்மா இருப்பதில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். நிலையம் சரியாகப் பிடிபடாவிட்டால் ஒலியைக் கூட்டுவோம், கூடுவது இரைச்சல்தான். மூளையும் குறைந்து போன ஒலியைத் தேடித் தன் 'வொலியூமை'க் கூட்டுகிறது. ஆகவே பலருக்குக் காது இரைச்சல் என்பது கேட்கும் திறன் குறையத் தொடங்கியதன் அறிகுறி.

2009 இல் போர் முடியும்வரை எறிகணைக்கும் குண்டுவீச்சுக்கும் நடுவே வாழ்ந்தவர்களின் காதுகள் பட்டது கொஞ்சமல்ல. அத்தகைய வெடியோசை ஒரே கணத்தில் மயிர்க்கலங்களை அழிக்கும், செவிப்பறையையும் கிழிக்கும். அந்நாட்களின் நினைவும் பயமும் இரைச்சலோடு பின்னிக்கொள்வதால், மனம் கலங்கும்போது இரைச்சலும் கூடுகிறது. இது கற்பனை நோய் என்று எவரும் ஏளனம் செய்ய வேண்டாம்.

வெடியோசை ஓய்ந்தாலும் தோட்டத்து ஓசை ஓயவில்லை. நீர் இறைக்கும் இயந்திரம், லான்ட் மாஸ்டர், சூடடிக்கும் இயந்திரம், அரிசி ஆலை ஆகியவற்றின் அருகே நாள் முழுக்க நிற்பவர்கள் கவனிக்க வேண்டும். 85 டெசிபல் ஓசையில் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் நிற்பதே எல்லை என்பர். அதற்குமேல் 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு தடவையும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் 15 நிமிடந்தான். அளக்கும் கருவி எம்மிடம் இல்லையே என்றால், கை எட்டும் தூரத்தில் நிற்பவரோடு குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறதா என்று பாருங்கள். அப்படியானால் எல்லையைத் தொட்டாயிற்று.

பரிகாரம் பெருஞ்செலவானதல்ல. இயந்திரத்தை இயக்கிவிட்டு அதன் பக்கத்தில் குந்தியிருக்க வேண்டியதில்லை. திறந்த வெளியில் இரு மடங்கு தூரம் தள்ளி நின்றால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். அதாவது நிற்கக்கூடிய நேரம் நான்கு மடங்காகும். உடைந்த சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது காதை விற்று எண்ணெய் வாங்குவதற்கு ஒப்பு. காதில் பஞ்சு வைப்பதால் பெரிய பயனில்லை. காதுக்குள் சரியாகப் பொருந்தும் நுரை அடைப்பான் மலிவானது, நல்லது.

எல்லா இரைச்சலும் ஓசையால் வருவதல்ல. காதுக்குறும்பி அடைத்தாலும் வரும். அது எளிதில் தீரும். ஆனால் நெருப்புக்குச்சி, கோழி இறகு, சட்டைப்பின் கொண்டு தோண்டினால் குறும்பி மேலும் உள்ளே போகும், செவிப்பறையும் கிழியலாம். சீழ் வடியும் காதுக்குள் எண்ணெயோ இலைச்சாறோ விடவே கூடாது. அக்காதை நனையாமல் வைத்து வைத்தியரிடம் காட்டுங்கள். சீழ் வடியும் பிள்ளைக்குக் காது மந்தமாகி, வகுப்பில் 'கவனமில்லாதவன்' என்று பெயர் வாங்குவதும் உண்டு. அளவு கூடிய அஸ்பிரின், மலேரியாவுக்குக் கொடுத்த குவினைன், ஜென்ராமைசின், ஸ்ரெப்ரோமைசின் ஊசிகள் ஆகியவற்றாலும் காது இரையலாம். மருந்தைத் தாமாக நிறுத்தாமல் வைத்தியருக்குச் சொல்ல வேண்டும்.

சில வேளைகளில் தாமதம் ஆகாது. ஒரு காது திடீரெனக் கேளாமற் போனால் அன்றே அல்லது மறுநாளே வைத்தியசாலைக்குப் போங்கள். முதற் சில நாட்களில் தொடங்கும் சிகிச்சையே பலன் தரும். ஒரு காதில் மட்டும் விடாது இரைந்தாலும், நாடித் துடிப்போடு சேர்ந்து இரைந்தாலும், தலைச்சுற்று வந்தாலும், தலையில் அடிபட்டபின் தொடங்கினாலும் காது மூக்குத் தொண்டை வைத்திய நிபுணரிடம் காட்ட வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணினால் உடனே புறப்படுங்கள்.

நெடுங்கால இரைச்சலை அடியோடு நீக்கும் குளிசை இன்றுவரை இல்லை. 'ஒரு போத்தலில் மாறும்' என்று விற்போரை நம்பிக் காசை இழக்க வேண்டாம். ஆனால் இரைச்சலைப் பின்னுக்குத் தள்ள வழியுண்டு. முழு அமைதி அதற்குத் தீனி. படுக்கும்போது வானொலியை மெல்லிய சத்தத்தில் விடுங்கள், அல்லது மின்விசிறியை ஓடவிடுங்கள். மூளை மெல்ல மெல்ல அதைக் கவனிக்காமல் விடப் பழகும், மாதங்கள் எடுக்கலாம். காது மந்தமானவருக்குச் செவிப்புலன் கருவி பொருத்தினால், வெளியோசை நன்றாகக் கேட்க, உள்ளோசை தணிவதுண்டு. நித்திரையும் மனமும் கெட்டுத் தவிப்பவர் உளவளத் துணையாளரிடம் பேசுவது உண்மையான சிகிச்சையே.

கிளினிக்குக்குப் போகுமுன், எந்தக் காது, எப்போது தொடங்கியது, விட்டு விட்டா விடாமலா, என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பவற்றை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொண்டு போங்கள். காது சரியாகக் கேளாத பெரியவரானால் வீட்டில் ஒருவர் கூடப் போவது நல்லது; வைத்தியர் சொல்வதைக் கேட்டுவர ஒருவர் வேண்டுமல்லவா.