பழம் தின்னிகள் நட்ட காடு

குளிர்காலத்தில் கோடியக்கரைக்கு வருபவர்கள் பூநாரையைத் தேடித்தான் வருகிறார்கள். காலடியில் கிடக்கும் உமரியை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. இலை என்று சொல்ல ஒன்றுமில்லை. மணி கோத்தாற்போல் நீர் கோத்த தண்டுதான் அதன் உடம்பு. கடித்தால் உப்புக் கரிக்கும்.

1967-இல் சரணாலயமான இந்த இடம், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டோடு சேர்ந்து 2002-இல் ராம்சார் ஈரநிலமானது. மணல்மேட்டை அடம்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பிடித்து வைத்திருக்கின்றன. முத்துப்பேட்டைச் சேற்றில் அலையாத்தி, வேரை மேலே நீட்டி மூச்சு விடுகிறது. மிஞ்சிய உப்பை இலை வழியே கக்குகிறது.

ஆனால் கோடியக்கரையின் உண்மையான சொத்து, மணல்மேட்டை அடுத்த காடுதான். மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில் மட்டும். மற்ற மாதங்களில் வறட்சி. அப்படியும் இலை உதிர்க்காத உலர் பசுமைக்காடு இது. நடுநாயகம் பாலை மரம். உலக்கை செய்யும் அளவுக்கு வைரம் பாய்ந்தது, வளர்வதோ மிக நிதானம். கோடையில் பழுக்கும் அதன் மஞ்சள் பழத்தைத் தின்றால் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். நாவல், காரை, உகா என்று கூட நிற்பவையும் பழம் தருபவைதான். கொண்டைக்குருவியும் மைனாவும் தின்று, வேறொரு புதரில் உட்கார்ந்து எச்சமிடும்போது அங்கே ஒரு கன்றுக்கு வழி பிறக்கிறது. இந்தக் காட்டை நட்டதில் பறவைக்கும் பங்குண்டு.

சிக்கலும் இதே வழியில்தான் வந்தது. சீமைக்கருவேலின் நெற்று இனிப்பு. வெளிமானும் மட்டக்குதிரையும் மாடும் ஆசையாகத் தின்று, சாணத்தோடு விதையைப் புல்வெளியில் போட்டுவிடுகின்றன. விதை சுமப்பவருக்கு நல்ல மரம், கெட்ட மரம் தெரியாது! திறந்த வெளியில் ஓடிப் பிழைக்கும் வெளிமான், தன் புல்வெளியைத் தானே முள்காடாக்க உதவுகிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்த கஜா புயல் இந்தக் காட்டைச் சிதைத்தது. கூரை விலகி வெயில் விழுந்த இடத்தில் பாலைக்கன்று தலை தூக்குமுன் சீமைக்கருவேல் முந்திக்கொள்ளும். அதை வெட்டினால் மட்டும் போதாது, கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேர்க்கட்டையையே தோண்டியெடுக்க வேண்டும்.

அதற்காகக் கண்ட இடத்திலெல்லாம் மரம் நடுவதும் சரியல்ல. உள்ளான்கள் அலகால் துழாவி இரை எடுப்பது வெறும் சேற்றில். அங்கே நட்டு வைக்கும் கன்று, அவற்றின் சாப்பாட்டுத் தட்டில் அடித்த முளை.