புயலுக்குப் பின் சாகுபடி நின்றுவிடாதிருக்க முன்னேற்பாடுகள்

காவிரிப் பாசன ஜில்லாக்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை உச்சம் பெறுகின்றது. சம்பாப் பயிர் இளம்பருவத்தில் இருப்பதும் அக்காலத்திலேயே. புயலைத் தடுக்க எவராலும் ஆகாது. ஆயினும் வெள்ளம் வடிந்தபின் வீணாகும் வாரங்கள் பெரும்பாலும் குடியானவரின் முன்னேற்பாட்டைப் பொறுத்தவையாகும்.

முதலில் கவனிக்கத்தக்கது, மறு விதைப்புக்கென ஒதுக்கும் விதை. எதை ஒதுக்குவதென்பதைத் தண்ணீரே தீர்மானிக்கும். சி.ஆர். 1009 போன்ற 155 முதல் 160 நாள் ரகங்களைக் கார்த்திகையில் மீண்டும் விதைப்பதில் பயனில்லை. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடப்படுவதால், அப்போது விதைத்த குறுகிய காலப் பயிருக்கும் கடைசியில் ஆற்றுநீர் கிட்டாது. ஆதலின் குழாய்க் கிணறு உடையவர்கள் கோ 51, ஆடுதுறை 45 போன்ற ஏறக்குறைய 110 நாள் ரகங்களில் ஏக்கருக்கு 24 கிலோ வீதம் ஒதுக்கலாம். கிணறில்லாதோர் நெல்லையே பிடிவாதமாக விதைத்துப் பூக்குந் தறுவாயில் காயவிடுவதைக் காட்டிலும், தை மாத உளுந்துக்கு ஏக்கருக்கு 8 கிலோ விதையைக் காப்பது நலம். நெல் விதையின் ஈரம் 13 சதவீதத்திற்கு மேற்படாமல் உலர்த்திப் பரண்மீது வைத்தல் வேண்டும். அனைத்தையும் ஒரே வீட்டில் வையாது, பாதியை மேட்டுப்பாங்கான ஊரிலுள்ள உறவினரிடம் ஒப்புவிப்பது உத்தமம்.

ஆண்டுதோறும் மூழ்கும் பள்ளக்கால் வயல்களுக்குச் சி.ஆர். 1009 சப் 1 ரகம் ஏற்றது. ஏறக்குறைய இரண்டு வாரம் நீரில் மூழ்கினும் அது பிழைக்கும் இயல்புடையது. எந்த ரகமாயினும் வடிகால் தூர்ந்திருந்தால் பயன் குறைவே. தம் வாய்க்காலை மட்டும் வெட்டிவிட்டுப் பொது வடிகாலில் ஆகாயத்தாமரையை விட்டுவைப்போர் பலர். புரட்டாசிக்குள் ஊரார் கூடி அதனை அகற்றுவதைக் கிராம அதிகாரிகள் முன்னின்று நடத்துதல் வேண்டும்.

2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி அதிகாலை வேதாரணியத்தருகே கரைகடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. நெல் போனால் அடுத்த போகம் உண்டு. நெட்டைத் தென்னையோ நட்டபின் பலன் தர ஆறேழு வருஷமாகும். தென்னை ஒன்றையே நம்பிய குடும்பங்கள் அவ்விடைக்காலத்தை எதைக்கொண்டு கழிப்பது? தோப்புடையோர் ஒரு பகுதி நிலத்தையேனும் வேறு பயிருக்கு வைத்துக்கொள்ள வேண்டும். எச்சரிக்கை வந்தவுடன் முற்றிய காய்களைப் பறித்து அடிமட்டைகளைக் கழித்தால் மரத்தின் பாரம் குறையும். அப்புயலின்பின் பல கிராமங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்காயிற்று. நாலைந்து பேர் சேர்ந்து ஓர் ஆயில் எஞ்சின் வைத்திருப்பின் நாற்றங்கால் காயாது.

பட்டா, சிட்டா, பாங்குப் புத்தகம், பயிர்க் காப்பீட்டு ரசீது ஆகியவற்றின் நகல்களையும் விதையைப் போலவே வேறிடத்தில் வைக்கவும். அறுத்து வயலில் உலரவிட்ட கதிர், அறுவடையான 14 நாட்களுக்குள் புயல்மழையில் சேதமுற்றால், பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின்படி 72 மணி நேரத்திற்குள் தெரிவித்தல் வேண்டும். காப்பீட்டுக்கு அடங்கலே ஆதாரமாதலால், கிராம நிர்வாக அதிகாரிகள் சம்பாச் சாகுபடிப் பதிவை மழை வலுக்குமுன்னரே முடித்துவிடுதல் அவசியம்.