உஷார்! பொங்கல் மாட்டுக்கும் அளவோடுதான்

மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசி, மாலை போட்டு, வாழை இலை நிறையச் சர்க்கரைப் பொங்கல் வைக்கிறோம். மறுநாள் காலையில் அந்த மாடு தீவனத் தொட்டிப் பக்கமே தலையைத் திருப்பாமல் நின்றால், கண்ணு பட்டுவிட்டது என்று சுற்றிப் போடாதீர்கள். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். அதன் வயிற்றுக்குள் புளித்துக்கொண்டிருப்பது நாம் ஊட்டிய பொங்கலாக இருக்கலாம். ஒரு நாளுக்குள்ளேயே உயிரைக் கொண்டுபோய்விடக்கூடிய நோய் இது. டாக்டர்கள் அசிடோசிஸ் என்பார்கள்.

கறவை மாட்டின் முதல் வயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அதில் கோடானுகோடி நுண்ணுயிரிகள் வைக்கோலையும் புல்லையும் மெல்ல மெல்ல நொதிக்க வைக்கின்றன. அந்த நேரத்தில் உண்டாகும் அமிலத்தை அடக்கி வைப்பது மாட்டின் உமிழ்நீர். ஆப்ப சோடாவில் இருக்கும் அதே உப்பு அதிலும் இருக்கிறது. மாடு அசை போடப் போடத்தான் உமிழ்நீர் நிறைய ஊறும். குழைந்த சோற்றையும் வெல்லத்தையும் அசை போட என்ன இருக்கிறது? நேராக உள்ளே போகின்றன. மாவுச்சத்தைத் தின்னும் கிருமிகள் சில மணி நேரத்தில் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. சாதாரணமாக 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்கும் பி.ஹெச். அளவு 5-க்கும் கீழே இறங்குகிறது. நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் செத்துவிழ, வயிறு அசைவதை நிறுத்திவிடுகிறது. உடம்பில் இருக்கும் தண்ணீரை வயிறு உறிஞ்சிக்கொள்ள, வயிறு தளும்புகிறது, மாடோ வறண்டுபோகிறது. அமிலம் இரத்தத்தில் ஏறிவிட்டால் காப்பாற்றுவது கஷ்டம்.

“நான் ஒரு கை சோறுதானே கொடுத்தேன்?” என்று எல்லோரும் கேட்பார்கள். உண்மைதான். எதிர்வீட்டுக்காரரும் ஒரு கை, அடுத்த தெருவில் ஐந்து வீட்டிலும் ஒவ்வொரு கை. யார் வீட்டில் எவ்வளவு தின்றது என்பது மாட்டுக்காரருக்கே தெரியாது. இனிப்பு என்றால் மாடு போதும் என்று சொல்லாது; தனக்கு ஆகாததை அது தின்னாது என்று நம்பவே நம்பாதீர்கள். அன்றைக்கு மாட்டைத் தெருவில் அவிழ்த்துவிடாமல் கட்டுத்தறியிலேயே வைத்திருங்கள். முதலில் வயிறார வைக்கோல், பிறகு சாஸ்திரத்துக்கு ஒரு பிடி பொங்கல். படைக்க ஆசையா? பசும்புல் கட்டாகப் படையுங்கள், கரும்புத் தோகை படையுங்கள், யார் வேண்டாம் என்றது?

அசை போடாமல் நிற்பதுதான் முதல் அறிகுறி. இடப்பக்க வயிறு உப்பும். தட்டினால் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்கும். பல்லை நறநறவென்று கடிக்கும். சாணி தண்ணீராக, புளித்த வாடையோடு போகும். கண் குழி விழும், நடை தள்ளாடும். கடைசியில் தலையை விலாப் பக்கம் மடக்கிப் படுத்துவிடும். கன்று போட்ட மாடு இப்படிப் படுத்தால் பால் காய்ச்சல் என்று நினைத்துக்கொள்வார்கள். டாக்டரிடம் மாடு என்ன தின்றது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வைத்தியமே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அவர் வருவதற்குள் கைவைத்தியம் என்று மூங்கில் குழாயில் எதையாவது திணிக்காதீர்கள். தள்ளாடும் மாட்டுக்கு அது நுரையீரலில் இறங்கிவிடும். மோர் வேண்டவே வேண்டாம், அதுவும் லாக்டிக் அமிலம்தான். மிச்சத் தீவனத்தை அகற்றிவிட்டு வைக்கோல் மட்டும் போடுங்கள். சோடா உப்பு எவ்வளவு, குளுக்கோஸ் ஏற்ற வேண்டுமா என்பதை டாக்டர் தீர்மானிக்கட்டும். தமிழ்நாட்டில் 1962-க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

பிழைத்த மாடும் பழையபடி ஆகிவிடும் என்று சொல்ல முடியாது. குளம்பு நோகும், ஈரலில் சீழ்க்கட்டி வரலாம்.

பொங்கலோடு இது முடிவதுமில்லை. கல்யாண மண்டபத்து மிச்சச் சோறு, ரேஷன் அரிசிக் கஞ்சி, திடீரென்று இரட்டிப்பாக்கிய கலப்புத் தீவனம் எல்லாம் இதே வேலையைச் செய்யும். தீவனத்தை மாற்றுவதானால் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஆடு வளர்ப்பவர்கள் அரிசி மூட்டை இருக்கும் அறைக் கதவைத் தாழிட மறக்காதீர்கள். ஆட்டின் சின்ன வயிற்றுக்கு மாட்டை விடக் குறைவான தானியமே போதும், ஆபத்தாகிவிடும்.