பழைய ஸ்பீக்கர் பெட்டி: வாங்கலாமா, வேண்டாமா?

பழைய பொருளுக்கு இப்போது மவுசு வந்துவிட்டது!

பித்தளைக் குத்துவிளக்கு, சுவர்க் கடிகாரம், மர்பி ரேடியோ என்று தேடித் தேடி வாங்குகிறார்கள். அந்த வரிசையில் பழைய ஸ்பீக்கர் பெட்டியும் சேர்ந்துவிட்டது.

"அந்தக் காலத்துச் சரக்கு. இப்போது எங்கே கிடைக்கும்?" என்பார் விற்பவர்.

"பழைய பெட்டியில்தான் பாட்டு பாட்டாக இருக்கும்" என்பார் பக்கத்தில் நிற்பவர்.

கேட்பவருக்கு ஆசை வந்துவிடும். கை பைக்குள் போய்விடும்!

கொஞ்சம் பொறுங்கள். பணத்தை எடுக்குமுன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தர்மபுரிக்கு எப்படி வருகிறது?

தர்மபுரி மாவட்டம் 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் பிறந்தது. அதற்கு முன் அது சேலம் மாவட்டத்தில் இருந்தது. 2004-ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்து போயிற்று.

தர்மபுரியில் இருந்து சேலம் சுமார் 65 கிலோமீட்டர். பெங்களூரு சுமார் 130 கிலோமீட்டர். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்து மக்கள் பலர் பெங்களூருவில் வேலை பார்க்கிறார்கள்.

பெரிய நகரங்களில் வீடு மாற்றுகிறவர்கள் பழைய பெட்டிகளைக் கழித்துக் கட்டுவார்கள். அவை பழைய சாமான் கடைக்குப் போகும். அங்கே இருந்து பஸ்ஸில் ஏறி ஊருக்கும் வரும்.

உள்ளூரிலும் பெட்டி உண்டு. மைக் செட் கடைகளில் ஓய்வு பெற்ற பெட்டிகள் மூலையில் கிடக்கும். பரண் மேல் தாத்தா காலத்து ரேடியோ தூங்கும்.

உள்ளே என்ன இருக்கிறது?

ஸ்பீக்கர் என்பது பெரிய மாயம் அல்ல. பறையை நினைத்துக்கொள்ளுங்கள். தோல் அதிர்கிறது, காற்று அதிர்கிறது, ஓசை வருகிறது. ஸ்பீக்கரில் தோலுக்குப் பதில் காகிதக் கூம்பு. அதைத்தான் "கோன்" என்கிறோம்.

கோனின் அடியில் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று உண்டு. மெக்கானிக்குகள் அதைக் "காயில்" என்பார்கள். காயிலைச் சுற்றிக் காந்தம். பாட்டு மின்சாரமாக வந்து காயிலில் பாயும்போது, காந்தம் அதை முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளும். கோன் ஆடும். பாட்டுக் கேட்கும்!

இந்த முறையை 1925-இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு நிபுணர்கள் செம்மைப்படுத்தி வெளியிட்டார்கள். நூறு ஆண்டு ஆகியும் பெரும்பாலான ஸ்பீக்கர்கள் அதே முறையில்தான் வேலை செய்கின்றன.

ஆகவே, பழையது என்பதற்காக ஒரு ஸ்பீக்கரை ஒதுக்க வேண்டியது இல்லை. பழையது என்பதற்காகவே தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டியது இல்லை.

எது கெடும்? எது கெடாது?

காந்தம் எளிதில் கெடாது. ஐம்பது ஆண்டு ஆனாலும் வேலை செய்யும்.

"காந்தம் எவ்வளவு பெரிது பாருங்கள்" என்று விற்பவர் சொன்னால் மயங்காதீர்கள். அல்னிகோ என்ற பழைய வகைக் காந்தம் சிறியதாக இருந்தாலும் வலிமை உள்ளது. பின்னால் வந்த ஃபெரைட் காந்தம் பருமனாக இருக்கும். பருமனை மட்டும் வைத்துத் தரம் சொல்ல முடியாது.

முதலில் கெடுவது கோனின் விளிம்பு. 1970, 1980-களில் வந்த பல பெட்டிகளில் ஸ்பாஞ்ச் விளிம்பு வைத்தார்கள். அது பத்து, இருபது ஆண்டுகளில் தானாகவே உளுத்துப் போகும். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் உளுத்துப் போகும்! விரலால் தொட்டால் மாவு மாதிரி உதிரும்.

துணி விளிம்பும், மடித்த காகித விளிம்பும் நீண்ட நாள் இருக்கும். 1950, 1960-களில் வந்த பல ரேடியோ ஸ்பீக்கர்கள் இன்றும் பாடுவதற்கு இது ஒரு காரணம். ரப்பர் விளிம்பும் நல்லதுதான். ஆனால் வயதாக ஆக இறுகிவிடும்.

அடுத்தது மரப்பெட்டி. கரையான் அரித்திருக்கலாம். எலி கோனைக் கடித்திருக்கலாம். பின்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். முன்பக்கம் மட்டும் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக வைத்திருப்பார்கள்!

கடையிலேயே செய்யும் சோதனை

பெரிய கருவி எதுவும் வேண்டாம். கண், விரல், காது, ஒரு டார்ச் பேட்டரி, இவை போதும்.

முன்பக்கத்துத் துணியைக் கழற்றச் சொல்லுங்கள். கோன் கிழிந்திருக்கிறதா, ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு கை விரல்களையும் கோனின் இரண்டு பக்கமும் வைத்து மெல்ல அழுத்துங்கள். சத்தம் இல்லாமல் உள்ளே போய் வெளியே வர வேண்டும். "கரகர" என்று உரசினால் காயில் கோணிவிட்டது என்று பொருள்.

காற்றுப் போக வழி இல்லாத மூடிய பெட்டி என்றால் இன்னொன்றும் பாருங்கள். அழுத்திய கோன் மெதுவாகத் திரும்ப வேண்டும். இந்த வகைப் பெட்டியை 1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் பிரபலமாக்கினார். உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும். அதில் ஓட்டை விழுந்தால் தவில் ஓசை தகர ஓசை ஆகிவிடும்.

அடுத்து 1.5 வோல்ட் பேட்டரி. ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் இரண்டு கம்பியால் ஒரு கணம் மட்டும் தொட்டு எடுங்கள். "டக்" என்று சத்தம் வந்தால் உயிர் இருக்கிறது. வராவிட்டால் காயில் அறுந்திருக்கலாம்.

ஜோடியாக வாங்கினால், பேட்டரியை ஒரே மாதிரி தொடும்போது இரண்டு கோனும் ஒரே பக்கம் நகர வேண்டும். ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் போனால், எங்கோ கம்பி மாறி இருக்கிறது. அப்படியே வைத்துக் கேட்டால் கனமான ஓசைகள் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு மறைந்து போகும்.

கடைசியில் பாட்டுப் போடச் சொல்லுங்கள். உங்களுக்கு மனப்பாடமான பாட்டாக இருக்கட்டும். முதலில் சன்னமாகக் கேளுங்கள். பிறகு கொஞ்சம் கூட்டுங்கள். பாடகர் குரல் கரகரக்கிறதா? தாளம் தெளிவாக இருக்கிறதா? மேல் ஓசைக்கான சின்ன ஸ்பீக்கர் பாடுகிறதா?

போட்டுக் காட்ட மாட்டேன் என்கிறாரா? வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ஓம், வாட் குழப்பம்

பெட்டியின் பின்னால் 4 ஓம், 8 ஓம், 16 ஓம் என்று எழுதி இருக்கும். இது மின்சாரத்துக்குத் தடை எவ்வளவு என்பதைக் காட்டும் கணக்கு.

8 ஓமுக்குக் குறையக்கூடாது என்று எழுதிய ஆம்ப்ளிஃபயரில் 4 ஓம் பெட்டியை மாட்டினால் ஆம்ப்ளிஃபயர் சூடேறும், கருகவும் கூடும். இரண்டு 8 ஓம் பெட்டிகளைப் பக்கவாட்டாக ஒரே முனையில் இணைத்தால் அது 4 ஓம் ஆகிவிடும். இதையும் மறக்கக்கூடாது.

மைக் செட் கடைப் பெட்டிகளில் சிலவற்றில் தனி டிரான்ஸ்பார்மர் இருக்கும். நீளமான கம்பி இழுத்துப் பல இடங்களில் கட்டுவதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதை அப்படியே வீட்டு ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் சரியாகப் பாடாது. கூம்புக் குழாய் ஒலிபெருக்கி பேச்சுக்கு நல்லது. பாட்டுக்கு அது கீச்சுக் குரல்தான்.

வாட் விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். 1990-களில் சின்னப் பெட்டிகளில்கூட "1000 வாட் பி.எம்.பி.ஓ." என்று ஒட்டி விற்றார்கள். உண்மையில் அதன் பலம் சில வாட்டுகள்தான்!

வீட்டுக் கூடத்தில் பாட்டுக் கேட்க, நல்ல பழைய ஸ்பீக்கருக்கு ஒரு வாட்டே தாராளம். பத்து மடங்கு வாட் கொடுத்தாலும் காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத்தான் தோன்றும்.

இரண்டு பெட்டி கட்டாயமா?

இங்கேதான் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்!

தியாகராஜ பாகவதர் பாட்டும், டி.எம்.சௌந்தரராஜன், பி.சுசீலா பாடிய பழைய படப் பாடல்களும் "மோனோ" முறையில் பதிவானவை. இரண்டு பெட்டியிலும் ஒரே ஓசைதான் வரும். 1978-இல் வந்த "பிரியா" படத்தில் இளையராஜாவின் பாடல்கள் ஸ்டீரியோ முறையில் பதிவாகிப் பெரிதாகப் பேசப்பட்டன. வலப்பக்கம் ஓர் ஓசை, இடப்பக்கம் ஓர் ஓசை என்று பிரித்துக் கேட்கும் ஆசை அதன் பிறகு தமிழ்நாட்டில் பரவியது.

ஆகவே, வீட்டுப் பெரியவர் பழைய பாட்டுக் கேட்கத்தான் பெட்டி என்றால், நல்ல பெட்டி ஒன்று போதும். சுமாரான இரண்டு வேண்டாம்.

வீட்டில் எழும் கேள்வி

பாலக்கோடு பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். வயதான அப்பா திண்ணையில் இருக்கிறார். பஞ்சாயத்து ரேடியோவில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர். மகன் ஒரு பழைய ஜோடிப் பெட்டியைப் பார்த்து வந்திருக்கிறான்.

"ஏங்க, பொண்ணுக்குப் பீஸ் கட்டணும். இந்த நேரத்துல பெட்டி எதுக்குங்க?" என்கிறாள் மனைவி.

"அப்பா செல்போன்ல பாட்டுக் கேக்குறாரு. அந்தச் சத்தம் அவருக்குப் பத்தல. பாவமா இருக்கு" என்கிறான் அவன்.

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். வயதானவர்களுக்குக் கீச்சு ஓசை சரியாகக் கேட்காது. செல்போன் ஸ்பீக்கரோ சிறியது. குரலின் கனம் அதில் வராது. பெரிய கோன் உள்ள பெட்டியில் குரல் நிறைவாக இருக்கும். ஆகவே, மகன் ஆசை வெறும் ஆடம்பரம் அல்ல.

ஆனால் பெட்டியின் விலை மட்டும் செலவு அல்ல. விளிம்பு மாற்றக் கூலி, ஆம்ப்ளிஃபயர், கம்பி, வண்டிக் கூலி எல்லாம் உண்டு. ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். மொத்தம் புதுப் பெட்டியின் விலையைத் தொட்டால், புதியதையே வாங்குங்கள். அதற்கு உத்தரவாதச் சீட்டாவது கிடைக்கும்.

கடன் வாங்கிப் பழைய பெட்டி வாங்கக்கூடாது. பள்ளிக்கூடப் பணத்தைத் தொடவே கூடாது. கையில் தனியாகச் சேர்த்த பணம் இருந்தால், ஒரு பெட்டி மட்டும் வாங்கலாம். இதில் மனைவிக்கும் மனத்தாங்கல் இராது. அப்பாவுக்கும் பாட்டுக் கிடைக்கும்.

பழுது பார்க்க முடியுமா?

முடியும். கோன் மாற்றவும் காயில் மாற்றவும் தெரிந்த மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். உதிரிப் பாகங்களுக்குச் சென்னை ரிச்சி தெருவும், பெங்களூரு எஸ்.பி. ரோடும் பேர் பெற்ற இடங்கள்.

வாங்குவதற்கு முன்பே மெக்கானிக்கிடம் கூலியைக் கேட்டுக்கொள்ளுங்கள். "பிறகு பார்க்கலாம்" என்று வாங்கிய பெட்டி பல வீடுகளில் துணி மடித்து வைக்கும் மேஜையாக நிற்கிறது!

கம்பெனிப் பேரையும் பாருங்கள். கல்கத்தாவில் 1970-இல் தொடங்கிய சோனோடைன் போன்ற இந்தியக் கம்பெனிகளின் பழைய பெட்டிகளைத் தேடுகிறவர்கள் உண்டு. பேர் உள்ள பெட்டியைத் திரும்ப விற்பதும் எளிது. ஆனால் வெளியே பழைய பேர், உள்ளே புது மலிவு ஸ்பீக்கர் என்ற வேலையும் நடக்கும். திருகாணிகள் புதிதாக இருந்தால், கம்பியில் புது ஈயப் பற்று இருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

உயிர் முக்கியம்

பழைய வால்வு ரேடியோவை ஸ்பீக்கருக்காக வாங்குகிறவர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். அதன் உள்ளே 200, 300 வோல்ட் வரை மின்சாரம் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கி இருக்கலாம். சில ரேடியோக்களின் இரும்புத் தட்டிலேயே மின்சாரம் பாயும்.

வீட்டில் திருப்புளியால் நோண்டக்கூடாது. குழந்தைகளை அருகில் விடக்கூடாது. தெரிந்த மெக்கானிக் பார்க்காமல் பிளக்கில் சொருகவே கூடாது.

பக்கத்து வீட்டையும் நினையுங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியே ஒலிபெருக்கி வைக்கக்கூடாது என்பது 2000-ஆம் ஆண்டில் வந்த சத்தக் கட்டுப்பாட்டு விதி. வீட்டுக்குள் வைத்தாலும் சத்தம் சுவரைத் தாண்டக் கூடாது அல்லவா?

முடிவு என்ன?

கோன் நன்றாக இருக்க வேண்டும். விளிம்பு உதிரக்கூடாது. காயில் உரசக்கூடாது. ஓம் பொருந்த வேண்டும். போட்டுக் கேட்டிருக்க வேண்டும். மொத்தச் செலவு புதியதைவிட நன்றாகக் குறைய வேண்டும்.

இந்த ஆறும் சரி என்றால், தாராளமாக வாங்குங்கள். நல்ல பழைய பெட்டி இன்னும் பல ஆண்டு பாடும்.

ஒன்று தவறினால், விலையைக் குறைத்துக் கேளுங்கள். இரண்டு தவறினால், விட்டுவிட்டு வாருங்கள்.

பெட்டி இன்று போனால் நாளை இன்னொன்று வரும். வியர்வை சிந்திச் சேர்த்த பணம் அப்படி வராது!