கல்லறைக்குள் ஒரு பந்தி

பூமியைத் தோண்டிப் பழம்பொருள் தேடுகிற பண்டிதர்களைப் பற்றி நாம் எவ்வளவோ படிக்கிறோம். அவர்கள் எடுத்த பொன் இவ்வளவு, கண்ட சிலை இத்தனை என்றெல்லாம் கணக்குச் சொல்கிறார்கள். ஆனால் மாதக் கணக்கில் பாலைவனத்திலே கிடந்த அந்த மனிதர்கள் மத்தியான வேளையில் என்ன சாப்பிட்டார்கள், யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. வயிறு என்று ஒன்று அவர்களுக்கும் உண்டு அல்லவா?

எகிப்து தேசத்தில் புதைபொருள் ஆராய்ச்சியை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கியவர் பிளிண்டர்ஸ் பீட்ரி என்ற ஆங்கிலேயர். உடைந்த ஓட்டைக் கொண்டே காலத்தைக் கணிக்கக் கற்றுக் கொடுத்தவர். அத்தகைய மேதையின் கூடாரத்தில் சாப்பாடு என்றால் சீடர்களுக்கு நடுக்கம். எல்லாம் தகர டப்பா ஆகாரம். ஒரு வருஷம் மிஞ்சிய டப்பாக்களை மண்ணில் புதைத்து வைப்பாராம்; மறு வருஷம் வந்து தோண்டி எடுப்பாராம். கெட்டுப் போயிற்றா என்று அறிய ஒவ்வொன்றையும் சுவரில் ஓங்கி எறிவது வழக்கம் என்றும், வெடிக்காத டப்பா அன்றைய விருந்து என்றும் அவருடைய சீடர்கள் பரம்பரையில் ஒரு கதை உண்டு. இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு பசியின் கற்பனை என்பதைச் சாப்பிட்டவர்கள்தான் சொல்ல வேண்டும்!

1892-ஆம் வருஷத்தில் அந்தக் கூடாரத்துக்குப் பதினேழு வயதுப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். நன்றாகப் படம் எழுதுவான்; மற்றபடி பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. தங்குவதற்கு அறையைக்கூடப் பச்சைச் செங்கல் அடுக்கித் தானே கட்டிக் கொள்ள வேண்டியிருந்தது. முப்பது வருஷங்களுக்குப் பிறகு, 1922 நவம்பரில், துட்டாங்காமன் என்ற இளவயது அரசனின் கல்லறையைக் கண்டு உலகத்தையே வியக்கச் செய்த ஹோவர்ட் கார்ட்டர்தான் அந்தப் பையன்.

கார்ட்டருக்குப் பணம் கொடுத்து ஆதரித்தவர் கார்னர்வன் பிரபு. பிரபுவின் சாப்பாட்டுக்கும் பீட்ரியின் சாப்பாட்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். லண்டனில் சீமான்களுக்குச் சாமான் அனுப்பும் பார்ட்னம் அண்டு மேஸன் கடையிலிருந்து பெட்டி பெட்டியாக உணவும் திராட்சை ரசமும் கப்பலேறி வந்தன. பெட்டிகள் காலியானதும் எறிந்துவிடவில்லை. கல்லறையில் எடுத்த பொருள்களைப் பத்திரப்படுத்த அவை உபயோகமாயின. இந்தப் பெட்டி விஷயத்தை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும்.

சாப்பிடுவதற்கு இடம் எது தெரியுமா? அதுவும் ஒரு கல்லறைதான். அரசர் பள்ளத்தாக்கில் பதினோராம் ராம்சேஸ் தனக்கென்று குடையத் தொடங்கி முடிக்காமல் விட்ட குகை அது. வெளியே கல்லும் மணலும் கொதிக்கும், உள்ளே நிழல். அதைச் சாப்பாட்டுக் கூடமாகவும் சாமான் அறையாகவும் வைத்துக் கொண்டார்கள். 1923-ஆம் வருஷ ஆரம்பத்தில் அங்கே எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. நீண்ட மேஜையைச் சுற்றி ஏழு பேர்: எழுத்து வல்லுநர்களான பிரெஸ்டெட், கார்டினர், புகைப்படக்காரர் பர்ட்டன், ரசாயனம் அறிந்த லூக்காஸ், மேஸ், காலண்டர், கார்ட்டர். ஒரு நாற்காலி மட்டும் காலி. அதில் உட்கார வேண்டிய கார்னர்வன் பிரபுதான் எழுந்து போய்ப் படம் பிடித்தார். அந்த ஏப்ரல் 5-ந் தேதி அவர் கெய்ரோவில் காலமானார். கொசுக்கடி புண்ணாகி விஷம் ஏறிவிட்டது. இதைத் தெரிந்து கொண்டபின் அந்தப் படத்தைப் பார்த்தால், முதலில் கண்ணில் படுவது அந்தக் காலி நாற்காலிதான்.

இவர்கள் இங்கே விருந்துண்ணும் போது, சற்றுத் தூரத்தில் இன்னொரு விருந்து மூவாயிரத்து இருநூறு வருஷங்களுக்கு மேலாக யாரும் தொடாமல் காத்திருந்தது. மறுமையில் அரசன் பசித்திருக்கக் கூடாது என்று அவனுடைய ஜனங்கள் வைத்த ஆகாரம் அது. முட்டை வடிவில் வெள்ளைப் பூச்சுப் பூசிய மரப்பெட்டிகள் நாற்பத்தெட்டு. அவற்றில் பதப்படுத்திய மாட்டிறைச்சியும் பறவை இறைச்சியும். நூற்றுக்கு மேற்பட்ட கூடைகள். அவற்றில் பேரீச்சை, அத்தி, கொண்டைக் கடலை, மசூர்ப் பருப்பு முதலியவை. பூண்டும் ரொட்டியும் தேனும் உண்டு. திராட்சை ரச ஜாடிகளில் எந்த வருஷத்து ரசம், எந்தத் தோட்டம், தயாரித்த தலைவன் பெயர் என்ன என்றுகூட எழுதியிருந்தது. நம் வீட்டுப் பாட்டிமார் ஊறுகாய் ஜாடிக்கு இவ்வளவு ஒழுங்காகச் சீட்டு ஒட்டியதில்லை.

ஆனால் மண் சுமந்தவர்களின் சாப்பாடு? சுற்றுப்புறக் கிராமத்து எகிப்தியர்கள் அவர்கள். மாவை வெயிலில் பொங்க வைத்துச் சுடும் ரொட்டிதான் அந்தப் பக்கத்து ஏழைகளின் உணவு. கூட வெங்காயமும் பருப்பும். குகைக்குள் இருந்த மேஜையில் அவர்களுக்கு இலை விழவில்லை. கல்லறையின் முதற் படியைக் கண்டதே தண்ணீர் சுமக்கும் சிறுவன் ஒருவன்தான், கூர்அடி ஜாடியை நிறுத்த மண்ணைப் பறித்தபோது படி தட்டுப்பட்டது என்று அவ்வூரில் ஒரு கதை வழங்குகிறது. கார்ட்டரின் புத்தகம் அந்தப் பையனைக் குறிப்பிடவில்லை. மேஸ்திரிகளுக்கு மட்டும் பெயர் சொல்லி நன்றி கூறியிருக்கிறார்; அந்த மட்டில் சந்தோஷம்.

பந்தி வஞ்சனை பொல்லாதது. அது சோற்றோடு நிற்பதில்லை. 1923 ஜனவரியில் கல்லறைச் செய்திகள் முழுவதையும் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்கே பிரபு விற்றுவிட்டார். தங்கள் மண்ணில் கிடைத்த தங்கள் அரசனைப் பற்றி எகிப்தியப் பத்திரிகைகள் லண்டனைப் பார்த்துத் தெரிந்து கொள்ள வேண்டியதாயிற்று. 1924-ல் ஸக்லூல் பாஷாவின் தேசியக் கட்சி மந்திரிசபை அமைத்தது. பிப்ரவரியில் கல்லறையைப் பார்க்கக் கார்ட்டர் தம் சகாக்களின் மனைவிமாரை அழைத்தார், சர்க்கார் தடுத்தது. கார்ட்டர் சினந்து, அரசனின் கற்பேழை மூடியைக் கயிற்றில் தொங்கவிட்டபடியே கல்லறையைப் பூட்டிவிட்டுப் போனார்.

சர்க்கார் அதிகாரிகள் வந்து எல்லாவற்றையும் கணக்கெடுத்தார்கள். மார்ச்சில் அந்தச் சாப்பாட்டுக் குகைக்கும் போனார்கள். அங்கே பார்ட்னம் அண்டு மேஸன் கடையின் திராட்சை ரசப் பெட்டி ஒன்று இருந்தது. திறந்தால், உள்ளே ரசம் இல்லை. தாமரைப் பூவிலிருந்து எழும் குழந்தை முகமாகச் செதுக்கி வர்ணம் தீட்டிய அரசனின் சிரசு! வேறு பொருள்களுக்கெல்லாம் எண் இருக்க, இதற்கு மட்டும் எண் இல்லை. கல்லறை நடையின் மண்ணில் கிடைத்தது, பதிவு செய்ய நேரமில்லை என்று கார்ட்டர் சமாதானம் சொன்னார். அது உண்மையாகவும் இருக்கலாம். சாப்பாட்டு அறையில் மதுப்பெட்டிக்குள் இருந்ததைக் கண்ட எகிப்தியர்கள் வேறு விதமாக நினைத்ததில் என்ன ஆச்சரியம்? சிரசைக் கெய்ரோ பொருட்காட்சிசாலைக்கு அனுப்பினார்கள்.

ஸக்லூல் பதவி இழந்த பிறகு, 1925 ஜனவரியில் கார்ட்டர் திரும்பி வந்தார். ஆனால் கிடைத்தவற்றில் பங்கு கேட்பதில்லை என்று பிரபுவின் மனைவி உரிமையை விட்டுக் கொடுத்த பின்புதான் கதவு திறந்தது. வேலை 1932 வரையில் நடந்தது. நாற்பத்தெட்டு இறைச்சிப் பெட்டிகளும் பழக்கூடைகளும் ரச ஜாடிகளும் எகிப்திலேயே தங்கின.