முகத்தில் தெரியாத அகம்

ஒருவர் தம்மைத் தாமே வரைந்துகொள்வது தன்னுருவப் படம். மூக்கும் முழியும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டுவிட்டு, மனப் போராட்டத்தையும் 'நான் யார்' என்ற கேள்வியையும் பொருள்கள், உடைகள், விலங்குகள், நிறங்கள் வழியே சொன்னால் அது குறியீட்டுத் தன்னுருவப் படம். சில படங்களில் முகமே இருக்காது.

சுவரில் இருக்கும் படங்கள்

காரைக்குடியை அடுத்த கண்டனூர் உள்ளிட்ட செட்டிநாட்டு ஊர்களில் உருவப்படங்களுக்கு நெடிய மரபு உண்டு. பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து வணிகம் செய்ய, போன நகரத்தார் என்னும் வணிகச் சமூகத்தார், முன்னோரின் படங்களை வீட்டுச் சுவர்களில் மாட்டி வைத்தார்கள். கோட்டு, தலைப்பாகை, நகை, நாற்காலி ஆகிய எல்லாமே அந்தப் படங்களில் குறியீடுகள்தாம். அவை குடும்பத்தின் செல்வத்தையும் மதிப்பையும் பேசுகின்றன. பெட்டியடியில் (கடையில் கணக்கர் அமரும் இடத்தில்) கணக்கெழுத மூன்றாண்டுத் தவணையில் கப்பலேறியவரின் தனிமைக்கும், ஊரில் வீட்டு வளவில் காத்திருந்த மனைவியின் ஏக்கத்துக்கும் அங்கே இடமில்லை. குடும்பம் காட்ட விரும்பியதையே அந்தப் படங்கள் காட்டுகின்றன. குறியீட்டுத் தன்னுருவப் படத்திலோ, எதைக் காட்டுவது என்று தீர்மானிப்பவர் வரைபவரே.

கோடும் தொப்பியும்

தமிழ்நாட்டில் குறியீட்டுத் தன்னுருவப் படத்துக்குச் சிறந்த சான்று ஓவியர் கே. ராமானுஜம். சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் பயின்றவர், 1966-இல் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வாழ்ந்தவர். பேச்சுக் குறைபாடும் மனநலச் சிக்கலும் அவரை மற்றவர்களிடமிருந்து விலக்கியே வைத்திருந்தன. ஆனால் அவருடைய மைக்கோட்டு ஓவியங்களில் தொப்பி அணிந்த ஒரு மனிதர் கம்பீரமாக நடமாடுகிறார். அவர் ராமானுஜமேதான். சுற்றிலும் கோபுரங்கள், மாளிகைகள், பாம்புகள், விந்தை விலங்குகள், வானுலகப் பெண்கள். வெளியுலகில் கிடைக்காத மரியாதையைத் தம் கோடுகளால் கட்டிய உலகில் அவர் தமக்கே அளித்துக்கொண்டார். நெருக்கமாகப் பின்னிய அந்தக் கோடுகளில் கனவின் கவர்ச்சியும் அச்சமும் ஒருங்கே இருக்கின்றன. சென்னை கன்னிமாரா ஓட்டலுக்காகப் பெரிய ஓவியம் ஒன்றையும் வரைந்தார். 1973-இல், முப்பது வயதைத் தாண்டிய சில ஆண்டுகளிலேயே, தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஓவியம் அவருக்கு ஒரு மொழியைத் தந்தது. நோய்க்கு மருத்துவமும் துணையும் வேறாகத் தேவைப்பட்டன.

மற்ற சில வழிகள்

மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ, மணமுறிவு நேர்ந்த 1939-இல் 'இரண்டு ஃப்ரீடாக்கள்' ஓவியத்தை வரைந்தார். ஐரோப்பிய உடையில் ஒருத்தி, மெக்சிகோ மரபுடையில் இன்னொருத்தி. இருவரும் கைகோத்திருக்கிறார்கள், வெளியே தெரியும் இரு இதயங்களையும் ஒரே இரத்தக்குழாய் இணைக்கிறது. சீக்கியத் தந்தைக்கும் ஹங்கேரியத் தாய்க்கும் பிறந்த அம்ரிதா ஷேர்-கில், 1934-இல் பாரிஸில் தம்மைத் தாஹித்தித் தீவுப் பெண்ணாக வரைந்தார். பின்னால் ஓர் ஆணின் நிழல் விழுகிறது. பரோடா ஓவியர் பூபேன் கக்கர் 1981-இல் வரைந்த ஓவியத்தில், மாடத்தில் ஆடையின்றி நிற்கும் ஆண், தந்தையும் மகனும் கழுதையுமாகப் போகும் பழங்கதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எல்லாரையும் திருப்திப்படுத்த முடியாது என்ற அந்தக் கதையின் வழியே, தாம் தன்பால் ஈர்ப்பு கொண்டவர் என்பதை அவர் உலகுக்குச் சொன்னார்.

வரையும் முறை

இத்தகைய படத்துக்கு முதல் வேலை, சொல்ல வேண்டிய முரண்பாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது: ஊரில் இருப்பதா, வெளியேறுவதா, வீட்டார் எதிர்பார்க்கும் ஆளா, தான் விரும்பும் ஆளா. அடுத்தது குறியீட்டைத் தேர்வது. புறா என்றால் அமைதி, கூண்டு என்றால் சிறை என்று எல்லாரும் கையாண்டு தேய்ந்தவை வரைபவரைப் பற்றி எதுவும் சொல்லமாட்டா. சொந்த வாழ்வில் புழங்கிய பொருளுக்கே வலு உண்டு. பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் சாவிக்கொத்து, கண்டனூரில் ஒருவருக்குப் பெருமையாக இருக்கலாம். இன்னொருவருக்கு இறக்கி வைக்க முடியாத சுமையாக இருக்கலாம்.

மூன்றாவது, அளவும் இடமும். உருவத்தைவிடச் சாவி பெரிதானால் சுமை தெரியும்; உருவம் ஓரத்துக்குப் போனால் ஒதுக்கம் தெரியும். நிறமும் கோடும் இறுதியில் அந்த உணர்வின் அழுத்தத்தைத் தீர்மானிக்கும். பென்சிலும் தாளும் போதும். வரையத் தெரியாதவர் படங்களை வெட்டி ஒட்டியும் செய்யலாம்.

பார்ப்பவரின் கடமை

ஒரு படத்தை வைத்து வரைந்தவரின் மனநோயைக் கணிப்பது தவறு. கருப்பு நிறம் சோகத்தையும் குறிக்கலாம், கையில் அந்த மை மட்டுமே இருந்ததையும் குறிக்கலாம். என்ன பொருள் என்று வரைந்தவரிடம் கேட்பதும், அவர் சொல்ல விரும்பாததை விட்டுவிடுவதும் முறை. படத்தைச் சுவரில் மாட்டுவதா, பெட்டகத்தில் வைத்துப் பூட்டுவதா என்பதும் அவருடைய உரிமையே.